காப்பக நாயைத் தற்காலிகமாக வளர்த்து, நல்ல வீட்டில் சேர்ப்பது எப்படி?

பெங்களூரில் வாடகை வீடென்றால் முதலில் ஓனரிடம் பேசிவிடுங்கள். அபார்ட்மெண்ட் சங்கம் நாயே கூடாதென்று தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியத்தின் 2015 சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் ஓனர் முகம் சுளித்தால் அந்தக் காகிதம் சோறு போடாது.

நாட்டு நாய்க்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. பயந்து பின்வாங்கினால் காலர் காது வழியே கழன்றுவிடும். ஆகவே காலரில் ஒரு கயிறு, ஹார்னஸில் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) ஒரு கயிறு, இரண்டும் கையில். காரிலிருந்து இறக்கும்போதும் டெலிவரிக்காரருக்குக் கதவு திறக்கும்போதும்தான் நாய் தப்பி ஓடும்.

முதல் மூன்று நாள் குளிப்பாட்ட வேண்டாம், விருந்தாளி வேண்டாம். ஓர் அறை, தண்ணீர், பழைய போர்வை போதும். சாப்பிடாமல் மூலையிலேயே கிடந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள், கொஞ்ச வேண்டாம். காப்பகத்தில் தின்றதையே கொடுத்து, ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். தயிர்ச்சாதம் பரவாயில்லை, நம் வீட்டுச் சாம்பார்ச்சாதம் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்.

குட்டியென்றால் பார்வோதான் பெரிய பயம்; குடலைத் தாக்கி உயிரைப் பறிக்கும் தொற்று வைரஸ் அது. வீட்டில் வேறு நாய் இருந்தால் 14 நாள் பிரித்தே வையுங்கள். தரையைப் பினாயிலால் துடைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், இந்த வைரஸ் அதற்குச் சாகாது. 30 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு திரவ பிளீச் கலந்து, துடைத்த இடம் 10 நிமிடம் ஈரமாக இருக்கட்டும். பிளீச்சோடு பினாயிலைக் கலக்கக் கூடாது. வாந்தி, ரத்தபேதி கண்டால் காலைவரை காத்திருக்காதீர்கள். வளர்ந்த நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

தத்துக் கொடுக்க விளம்பரம் போடும்போது படத்தைவிட உண்மை முக்கியம். தனியாக விட்டால் குரைக்குமா, குழந்தையைக் கண்டால் ஒதுங்குமா, எல்லாவற்றையும் எழுதுங்கள். மறைத்தால் நாய் பத்து நாளில் திரும்பி வரும். கேட்பவர் வீட்டை நேரில் பாருங்கள்: பால்கனிக் கம்பி இடைவெளி, மொட்டை மாடிச் சுவர், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள். வீட்டில் ஒருவர் 'பார்க்கலாம்' என்று இழுத்தாலும் கொடுக்காதீர்கள். தடுப்பூசி அட்டை, கருத்தடைச் சான்று (குட்டியென்றால் கருத்தடைக்கு எழுத்தில் ஒப்புதல்), வேண்டாமென்றால் காப்பகத்துக்கே திருப்பித் தரும் ஒப்பந்தம் மூன்றும் கைமாற வேண்டும். தீபாவளி வாரத்தில் மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். வெடிச்சத்தத்தில் புது வீட்டை விட்டு ஓடினால், அதற்குத் திரும்பும் வழி தெரியாது.