கையில் இருப்பது குருந்தமா? வீட்டிலேயே பார்த்துவிடலாம்

ஆங்கிலத்தில் கொரண்டம் என்கிறார்களே, அந்தப் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். மாணிக்கம், நீலக்கல் இரண்டும் இதே கனிமம். இரண்டு அலுமினிய அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான் அதன் கூட்டு. சுத்தமாக இருந்தால் நிறமே கிடையாது. துளி குரோமியம் புகுந்தால் சிவந்து மாணிக்கமாகிறது, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து புகுந்தால் நீலம். அதனால் நிறத்தைப் பார்த்து மட்டும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

முதலில் வடிவம். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கம் பாறையில் கிடைப்பது போன்ற பட்டை தீட்டாத கல் என்றால், ஆறு பக்கம் உள்ள பீப்பாய் மாதிரி இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பாருங்கள். உடைந்த துண்டில் இது தெரியாது, பரவாயில்லை.

அடுத்தது அடர்த்தி, எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். டிஜிட்டல் தராசில் கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் தண்ணீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுசாக நீரில் தொங்க விடுங்கள். கல்லில் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். தராசு 5 கிராம் காட்டினால் 20-ஐ 5-ஆல் வகுத்தால் 4. குருந்தத்தின் அடர்த்தி அதுதான். அதே எடையில் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) என்றால் தராசு ஏழரை கிராம் காட்டும்.

ஆனால் கார்னெட் என்ற வேறொரு கல் சில நேரம் 4-ஐ ஒட்டி வந்து ஏமாற்றும், அதற்குத்தான் மூன்றாவது படி, கடினம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் வெங்கச்சங்கல் 7, கார்னெட் ஏழு, ஏழரை, புஷ்பராகம் (டோபாஸ்) 8, குருந்தம் 9, வைரம் 10. உங்கள் கல்லின் முனையால் ஒரு பழைய புஷ்பராகத் துண்டில் அழுத்திக் கீறுங்கள், ஈரவிரலால் துடைத்த பிறகும் கோடு நின்றால் அது குருந்தமாகத்தான் இருக்க வேண்டும். நகையில் பதித்த கல்லில் மட்டும் இதைச் செய்யவே கூடாது.

சரி, தேறிவிட்டது, இயற்கையா செயற்கையா? பிரான்சில் வெர்னெயில் என்ற வேதியியலாளர் 1902-இல் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். கூட்டு ஒன்றேதான் என்பதால் அடர்த்தி, கடினம் எதிலும் வித்தியாசம் தெரியாது. பத்து மடங்கு லென்ஸில் உள்ளே பாருங்கள்: அந்த முறையில் செய்த கல்லில் வளர்ச்சிக் கோடுகள் வளைந்து ஓடும், இயற்கைக் கல்லில் நேராக ஓடிக் கோணத்தில் திரும்பும்.