கால் நரம்பு சுருட்டல்: தெரியாமல் நாம் செய்யும் தவறுகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் 16 வருடமாகப் புடவை எடுத்துக் காட்டுகிறாள் என் அக்கா. காலை 9.30-க்குப் போனால் ராத்திரி 9 மணி வரை நின்றபடிதான். போன ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்து கொலுசைக் கழற்ற உட்கார்ந்தாள். அது லேசில் கழலவில்லை. கழற்றிய பிறகு பார்த்தால், கொலுசின் முத்துகள் ஒவ்வொன்றும் தோலில் பள்ளமாகப் பதிந்திருந்தன. கெண்டைக்காலில் பச்சையாக, மண்புழு நெளிந்த மாதிரி ஒரு புடைப்பு. "நரம்பு சுருட்டிக்கிச்சு. நிக்கிற வேலைன்னா வரத்தான் செய்யும்" என்றாள்.

முதல் தவறு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இது நரம்பே இல்லை, ரத்தக்குழாய். காலில் இருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. நரம்பு என்று நினைத்துத்தான் மருந்துக்கடையில் சத்து மாத்திரை கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறோம். அக்காவும் விழுங்கினாள். புடைப்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சிரைக்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. மேலே ஏறிய ரத்தம் மறுபடி கீழே இறங்காமல் அவை மூடிக்கொள்ளும். மேலே தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசை. நாம் நடக்கும்போது அது சுருங்கி விரிந்து அடிபம்பு மாதிரி வேலை செய்கிறது. கால் அசையாவிட்டால் பம்பும் ஓடாது. ரத்தம் தேங்கி, குழாய் விரிந்து, வால்வு சரியாக மூடாமல் போகும். அதனால் "நான் உட்கார்ந்துதானே வேலை பார்க்கிறேன்" என்று நிம்மதியாக இருப்பதும் தவறுதான். பண்ருட்டிப் பக்கம் மணிக்கணக்கில் உட்கார்ந்து முந்திரிப் பருப்புத் தோல் உரிக்கும் பெண்களின் கால்களும் அசையாத கால்கள்தானே.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே திருத்தியாகிவிட்டது. ஆனாலும் யாராவது ஏதாவது நினைப்பார்களோ என்று உட்காரத் தயங்குகிறோம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் தாராளமாக உட்காருங்கள். நின்றே ஆக வேண்டுமென்றால் அரை மணிக்கொரு தரம் குதிகாலை 20 முறை தூக்கி இறக்குங்கள். கவுண்டருக்குப் பின்னால் செய்தால் யார் கண்ணிலும் படாது. ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சில் நடக்கும் ஒரு மணி நேரத்தைவிட, தினமும் விட்டு விட்டுக் காலை அசைப்பது பெரிது. வீட்டுக்கு வந்ததும் 15 நிமிடம் படுத்து, கால் இதயத்தைவிட உயரமாக இருக்கும்படி தலையணை வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் காலை நீட்டுவது போதாது.

புடைத்த இடத்தில் தைலம் போட்டு அழுத்தி உருவாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். வெந்நீரும் வேண்டாம், சூட்டில் குழாய் இன்னும் விரியும்.

காலுக்கு அழுத்தம் தரும் நீளமான காலுறையை, அதாவது ஸ்டாக்கிங்ஸைப் பலர் சாயங்காலம் கால் வீங்கிய பிறகு மாட்டுகிறார்கள். காலையில் எழுந்தவுடனே மாட்ட வேண்டும். மேல் விளிம்பைச் சுருட்டிவிட்டால் ரப்பர் பேண்டு மாதிரி இறுக்கும். சர்க்கரை நோயோ புகைப்பழக்கமோ இருந்தால், பாதத்துக்கு ரத்தம் நன்றாக வருகிறதா என்று டாக்டர் பார்க்காமல் போடவே கூடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குடும்ப வாகு, பிரசவம், வயது எதுவும் நம் கையில் இல்லை. நல்ல பழக்கங்கள் இதைத் தள்ளிப்போடலாம், முற்றாமல் காக்கலாம். ஆனால் விரிந்துபோன குழாய் பழையபடி ஆகாது.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. கணுக்காலுக்கு மேலே உட்பக்கம் தோல் கறுத்து அரிக்கும். அக்கா அதைச் சொறி என்று நினைத்து மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். அது புண்ணாகப் போவதற்கு முந்தைய கட்டம். புண் வந்துவிட்டால் ஆற மாதங்கள் ஆகும். அந்தக் கறுப்பைப் பார்த்ததுமே டாக்டரிடம் காட்டி, குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். கூடவே மூச்சு வாங்கினால் உடனே 108. புடைப்பு கீறி ரத்தம் பீறிட்டால் காலுக்கு மேலே கயிறு கட்டாதீர்கள். படுக்க வைத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியை அதே இடத்தில் விடாமல் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.