ஓங்கிலையும் நீர்வண்டையும் ஒரே அட்டவணையில் ஒப்பிடுவது எப்படி

உயிரியல் செயற்றிட்டத்துக்கு இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் முதலில் இனங்களைத் தீர்மானிக்க வேண்டும். "ஓங்கில்" (டொல்பின்), "நீர்வண்டு" என்று பொதுவாக எழுதினால் எந்த அளவும் நிலைக்காது. புத்தளம் களப்பில் காணப்படும் இந்து சமுத்திரக் கூனல் ஓங்கிலையும், அமெரிக்காவின் மிச்சிகனிலும் கனடாவின் ஒன்ராறியோவிலும் மட்டும் வாழும் ஹங்கர்போர்ட் நீர்வண்டையும் எடுக்கலாம். நீளம் முறையே ஏறத்தாழ 2.5 மீற்றர், 4 மில்லிமீற்றர். அதாவது 600 மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஆகவே பருமனை ஒரு வரியோடு முடித்துவிட்டு, இரண்டுக்கும் பொதுவான சிக்கலுக்கு வாருங்கள்: நீருக்குள் வாழ்ந்துகொண்டு காற்றைச் சுவாசிப்பது.

இங்கே "இரண்டும் மேலே வந்து மூச்செடுக்கும்" என்று எழுதி நிறுத்துபவர்களே அதிகம். ஓங்கில் ஒட்சிசனைப் பெரும்பாலும் குருதியிலும் தசையில் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும் புரதமான மயோகுளோபினிலும் சேமிக்கிறது. நீரிலிருந்து எதுவும் எடுக்காது. வண்டோ கடினமான முன்சிறகின் கீழும் பின்காற் தகடுகளின் கீழும் காற்றைச் சுமக்கிறது. அந்தக் குமிழியில் ஒட்சிசன் குறையக் குறைய, நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் உள்ளே பரவும். நைதரசன் மெல்ல வெளியேறுவதால் குமிழி சுருங்கும். அப்போது மேலே வந்தே ஆகவேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க மாரியில் நம் குளங்களில் கிடைக்கும் நீர்வண்டு ஒன்று போதும். குடும்பம் வேறு, ஆனால் காற்றைச் சுமக்கும் உத்தி அதேதான். அகன்ற வாய்ப் போத்தலில் முக்கால் லீற்றர் குளத்து நீரும் ஒரு குச்சியும் போட்டு, வாயை வலைத்துணியால் கட்டுங்கள், இல்லாவிட்டால் வண்டு இரவில் பறந்துவிடும். இரண்டு வண்டுகளை ஒன்றாக விடாதீர்கள், கடிபடும். சவர்க்காரம் ஒட்டிய போத்தல் கூடவே கூடாது: பரப்பிழுவிசை குறைந்து உடல் நனையும், காற்றுப்படை கழன்று வண்டு மூழ்கும். வால் நுனியை மேலே நீட்டி, பின்கால்கள் இரண்டையும் ஒருசேர உதைத்தால் அது வேட்டையாடும் வகை. தலைப்பக்கம் மேலே வந்து, கால்களை மாறி மாறி அசைத்தால் அழுகல் தின்னும் வகை. பார்த்து முடிந்ததும் எடுத்த குளத்திலேயே விடுங்கள்.

அழிவு நிலையை எழுதும்போது எந்தப் பட்டியல் என்பதையும் குறிக்கவும். ஓங்கில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயூசிஎன்) சிவப்புப் பட்டியலில் ஆபத்துக்குள்ளான இனம். வண்டை 1994இல் பட்டியலிட்டது அமெரிக்கச் சட்டம். அளவுகோல்கள் வேறு.

காரணப் பத்தியில் "மனித நடவடிக்கை" என்று எழுதினால் புள்ளி கிடைப்பது கடினம். ஓங்கில் செவுள்வலையில் சிக்கி மேலே வரமுடியாமல் மூச்சடைத்து இறக்கிறது. வண்டுக்குக் குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த ஓடைநீர் வேண்டும். நீரோட்டத்தை மாற்றினாலோ, பீவர் என்ற விலங்கு ஓடையில் கட்டும் அணைகளை அகற்றினாலோ அதன் வாழிடம் போய்விடும்.