மேட்ரிக் பரீட்சைக்கு ஸ்டடி கைடு எப்படி பாத்து வாங்கறது? தென் ஆப்பிரிக்காவுல டர்பன் பக்கம் இருக்கற வீடுகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பிள்ளை மேட்ரிக், அதாவது கிரேடு 12க்கு வந்துட்டா நம்ம வீடுகள்ல முதல்ல நடக்கறது கடைக்குப் போய் ஒரு கட்டு கைடு வாங்கிட்டு வந்து மேசை மேல அடுக்கறதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை எதை வச்சு படிச்சுதோ அதையே வாங்கறோம், இல்லன்னா கடைக்காரர் எடுத்து நீட்டறத வாங்கறோம், உள்ள என்ன இருக்குன்னு நாலு பக்கம் புரட்டிப் பாக்கறவங்க ரொம்பக் கம்மி. நான் சாயங்காலத்துல மேட்ரிக் பிள்ளைங்களுக்கு மேத்ஸும் ஃபிசிக்கல் சயின்ஸும் சொல்லிக்குடுக்கறேன், அதனால இது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். எந்த கைடு வேணும்னு முடிவு பண்ண வேண்டியது அட்டைப்படமோ அடுத்த வீட்டு ஆன்ட்டியோ இல்லைங்க, பரீட்சையோட கைட்லைனும் (எதுல எத்தனை மார்க்குன்னு சொல்ற குறிப்பு) மெமோவும்தான் (மார்க் போடற விதத்தோட வர்ற விடைத்தாள்). அதை எப்படி செய்யறதுன்னு ஒண்ணொண்ணா சொல்றேன்.

ஸ்டெப் 1: எந்தப் பரீட்சை, எந்தப் பாடம்

கவர்மென்ட் ஸ்கூல்னா அடிப்படைக் கல்வித் துறை, அதாவது டிபிஇ நடத்தற என்எஸ்சி, அதாவது நேஷனல் சீனியர் சர்ட்டிஃபிகேட் பரீட்சை. பிரைவேட் ஸ்கூல் சிலது ஐஇபிங்கற தனியார் தேர்வு அமைப்போட பேப்பர் எழுதும். ரெண்டுக்கும் கிடைக்கறது ஒரே என்எஸ்சி சர்ட்டிஃபிகேட்தான், ரெண்டையும் சரிபாக்கறது உமலுசிங்கற தரக் கண்காணிப்பு அமைப்புதான், ஆனா கேள்வி கேக்கற விதம் வேற, அதனால பிள்ளை எதை எழுதுதுன்னு முதல்ல கேட்டுக்கோங்க. அப்புறம் மேத்ஸா மேத்ஸ் லிட்டரசியா (அன்றாடக் கணக்கைப் பத்தின தனிப் பாடம்), இங்கிலீஷ் ஹோம் லாங்குவேஜா ஃபர்ஸ்ட் அடிஷனலா (முதல் மொழியா, கூடுதல் மொழியா), இதையும் ஒரு தாள்ல எழுதி வச்சுக்கோங்க. பேர் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கறதால அவசரத்துல மாத்தி வாங்கிடறது ரொம்ப சுலபம். இங்கிலீஷ் லிட்ரேச்சருக்கு எந்த நாவல், எந்த நாடகம்ங்கறது ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், டீச்சர்கிட்ட கேக்காம அந்த கைடைத் தொடவே தொடாதீங்க.

லைஃப் ஓரியன்டேஷனுக்கு (வாழ்க்கைத் திறன் பாடம்) கடைசியில பெரிய வெளிப் பரீட்சை கிடையாது, அதுக்கு கைடு வாங்கற காசு மிச்சம்.

ஸ்டெப் 2: காசு குடுக்காம கிடைக்கறத முதல்ல எடுங்க

டிபிஇ வெப்சைட்டுல மூணு விஷயம் இலவசமா இருக்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் எக்ஸாமினேஷன் கைட்லைன், பழைய கேள்வித்தாளும் அதோட மெமோவும், அப்புறம் வருஷா வருஷம் வர்ற டயக்னாஸ்டிக் ரிப்போர்ட். இந்த மூணாவதை பெத்தவங்க நிறைய பேர் பாத்ததே இல்ல. போன வருஷம் நாடு முழுக்க பிள்ளைங்க எந்தக் கேள்வியில தடுமாறினாங்க, என்ன மாதிரி தப்பு பண்ணாங்க, டீச்சர் அதை எப்படி சரி பண்ணலாம்னு கேள்வி வாரியா எழுதியிருப்பாங்க. எந்த கைடும் இதை இவ்வளவு நேரா சொல்றதில்ல.

கைட்லைனைத் திறந்து மார்க் எப்படிப் பிரியுதுன்னு பாருங்க. மேத்ஸ் பேப்பர் ஒண்ணு 150 மார்க், அதுல ஃபங்ஷன்ஸுக்கு 35, கால்குலஸுக்கு 35, ஃபைனான்ஸுக்கு 15, ப்ராபபிலிட்டிக்கு 15, இதுல ஒவ்வொண்ணும் மூணு மார்க் கூடக் குறைய இருக்கலாம். பேப்பர் ரெண்டுலயும் 150, அதுல ட்ரிக்னாமெட்ரியும் யூக்ளிடியன் ஜியாமெட்ரியும் சேந்தாலே சுமார் 90 வந்துடும். இப்ப கையில இருக்கற கைடோட பொருளடக்கத்தைப் பாருங்க. ஜியாமெட்ரிக்கு எட்டு பக்கம், ஃபைனான்ஸுக்கு முப்பது பக்கம்னு இருந்தா அந்தப் புக் இந்தப் பரீட்சையை மனசுல வச்சு எழுதினது இல்லன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும், அதுக்கு மேத்ஸ் தெரிஞ்சிருக்கணும்னு கூட அவசியம் இல்ல.

இலவச புக்கும் இருக்கு. டிபிஇயே போட்ட மைண்ட் த கேப் வரிசை பல பாடத்துக்கு வந்திருக்கு, பிடிஎஃப்ஆ இறக்கிக்கலாம். பாடத்துல தட்டுத்தடுமாறுற பிள்ளைக்கு அது நல்லாவே உதவும், சுருக்கமா, படிக்க பயமில்லாம இருக்கும். எண்பதுக்கு மேல எதிர்பாக்கற பிள்ளைக்கு அது மட்டும் பத்தாது. மேத்ஸும் சயின்ஸும் அடிப்படையில இருந்து விளக்கமா வேணும்னா சியாவூலா புக்ஸ் ஆன்லைன்ல ஃப்ரீ. இதையெல்லாம் பிள்ளைகிட்ட குடுத்து ரெண்டு வாரம் படிக்க விடுங்க, அதுக்கப்புறமும் எங்க இடிக்குதோ அந்த இடத்துக்கு மட்டும் காசு போட்டு வாங்கினா போதும்.

ஸ்டெப் 3: வருஷத்தைப் பாருங்க

இப்ப நடக்கற கேப்ஸ் பாடத்திட்டம் கிரேடு 12க்கு 2014ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி யூக்ளிடியன் ஜியாமெட்ரியும் ப்ராபபிலிட்டியும் விருப்பப்பட்டவங்க மட்டும் எழுதற பேப்பர் மூணுல இருந்துச்சு, இப்ப எல்லாரும் எழுதணும். அதனால பெரிய அக்கா 2011ல படிச்ச புக் வீட்டுல பத்திரமா இருக்குன்னு அதையே எடுத்துக் குடுத்தா, பேப்பர் ரெண்டுல ஒரு பெரிய பகுதியை பிள்ளை பாக்காமலே ஹாலுக்குள்ள போகும். செகண்ட் ஹேண்ட் வாங்கறதுல எந்தத் தப்பும் இல்ல, அட்டையில கேப்ஸ்னு போட்டிருக்கான்னு மட்டும் பாருங்க.

இந்தியாவுல இருந்து மாமா சித்தப்பா யாராவது சிபிஎஸ்இ புக் அனுப்பட்டுமான்னு ஆசையா கேப்பாங்க. கணக்குப் போட்டுப் பழக நல்லது, வேண்டாம்னு சொல்ல வேண்டாம், ஆனா இங்க கேக்கற மாதிரி கேள்வியும் இங்க மார்க் போடற விதமும் அதுல இருக்காது, அது கூடுதல் பயிற்சியாதான் இருக்கணும்.

ஸ்டெப் 4: கடையில நின்னு பாக்கற சோதனை

இதுதான் முக்கியமான ஸ்டெப், கொஞ்சம் பொறுமையா படிங்க. பிள்ளை பழைய கேள்வித்தாள்ல மாட்டிக்கிட்ட ஒரு கேள்வியை மெமோவோட போன்ல எடுத்துட்டுப் போங்க, கூடவே பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க. கைடுல அதே மாதிரி கணக்கைத் தேடி, விடையை எப்படி எழுதியிருக்காங்கன்னு மெமோவோட ஒப்பிட்டுப் பாருங்க.

ஜியாமெட்ரி மெமோவுல ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் எஸ், ஆர்னு போட்டிருக்கும். எஸ்னா நீ சொன்ன கூற்றுக்கு மார்க், ஆர்னா அதுக்கு நீ எழுதின காரணத்துக்கு மார்க். சில இடத்துல ரெண்டும் சேந்து இருந்தாதான் ஒரு மார்க். ரெண்டு கோணம் சமம்னு கரெக்டா எழுதிட்டு, டான் கார்ட் தியரம்னு (தொடுகோடு, நாண் பத்தின தேற்றம்) பக்கத்துல எழுதாம விட்டா அந்த மார்க் போச்சு. என்னென்ன காரணத்தை எந்த வார்த்தையில எழுதினா ஏத்துக்குவாங்கங்கற பட்டியலே எக்ஸாமினேஷன் கைட்லைன்ல இருக்கு. கைடுல விடை வெறும் கோணக் கணக்கா இறங்கி வந்து, காரணமே இல்லாம கடைசி எண்ல முடிஞ்சா, தயவுசெஞ்சு அலமாரியிலயே வச்சுட்டு வந்துடுங்க, அதைப் படிக்கற பிள்ளை அதே பழக்கத்தைத்தான் கத்துக்கும்.

ஃபிசிக்கல் சயின்ஸ்னா நியூட்டனோட ரெண்டாவது விதியைத் திறந்து பாருங்க. வெறும் ஃபார்முலா மட்டும் போட்டிருந்தா பத்தாது. ஃபார்முலா ஷீட்டை பரீட்சையிலயே குடுத்துடறாங்க, விதியை வார்த்தையில சொல்லுன்னுதான் கேப்பாங்க. நிகர விசை ஒரு பொருள் மேல செயல்பட்டா அது விசையோட திசையில முடுக்கம் அடையும், அந்த முடுக்கம் விசைக்கு நேர் விகிதத்துலயும் நிறைக்கு எதிர் விகிதத்துலயும் இருக்கும்னு முழுசா இருக்கணும். திசையை விட்டுட்ட கைடை நம்பினா பிள்ளையும் அதை விட்டுடும். கைட்லைன்ல இருக்கற வரையறையும் புக்குல இருக்கற வரையறையும் பொருந்துதான்னு நாலஞ்சு இடத்துல பாத்தா போதும்.

கடைசியா பிள்ளைகிட்ட அந்தப் பக்கத்தைக் குடுத்து அங்கயே படிக்கச் சொல்லுங்க. புரிஞ்சுதா இல்லையான்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுடும்.

ஸ்டெப் 5: ஒரு பாடத்துக்கு ஒண்ணு, எப்ப வாங்கறது

மூணு கைடு வாங்கிக் குடுத்தா மூணையும் பாதி பாதி படிச்சு வைக்கும். விளக்கத்துக்கு ஒண்ணு, பயிற்சிக்குப் பழைய கேள்வித்தாள், அவ்வளவுதான். பழைய பேப்பர்களை மட்டும் தொகுத்துப் போட்ட புக்குக்குக் காசு குடுக்காதீங்க, உள்ள இருக்கறது வெப்சைட்டுல ஃப்ரீயா இருக்கற அதே பேப்பர்தான். படிப்படியா விளக்கத்தோட விடை இருந்தா மட்டும் யோசிக்கலாம்.

நிறைய பாடத்துல கடைசி மார்க்ல 75 சதவீதம் வருஷக் கடைசி பரீட்சை, 25 சதவீதம் ஸ்கூல்ல வருஷம் முழுக்க செய்யறது. அதனால வருஷ ஆரம்பத்துலயே இலவசமானதை எடுத்துக் குடுத்துட்டு, காசு போட்டு வாங்கற கைடை ஜூன் பரீட்சை பேப்பர் திருத்தி வந்த உடனே வாங்குங்க. எந்தப் பகுதியில மார்க் போயிருக்குன்னு பேப்பர்லயே இருக்கும், ட்ரையல்ஸ் (கடைசிப் பரீட்சைக்கு முன்னாடி வர்ற ஒத்திகைப் பரீட்சை) செப்டம்பர் பக்கம்தான், நடுவுல ஒரு லீவும் வருது. ட்ரையல்ஸ் முடிஞ்சப்புறம் புதுசா எந்த கைடும் வேண்டாம், அந்த நேரம் முழுக்க பழைய பேப்பரும் மெமோவும் மட்டும்.

தமிழை செகண்ட் அடிஷனல் லாங்குவேஜா எடுத்திருக்கற பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை. கடையில கைடு தேடி அலையாம டீச்சர்கிட்ட பழைய பேப்பரைக் கேளுங்க, இலக்கணத்துக்கு தமிழ்நாடு பாடநூல்ல இருந்து சின்ன வகுப்புப் பாடத்தை எடுத்துப் படிங்க, கட்டுரையை வாரம் ஒண்ணு எழுதி வீட்டுல தமிழ் நல்லாத் தெரிஞ்ச பாட்டியோ தாத்தாவோ இருந்தா அவங்ககிட்ட சத்தமா வாசிச்சுக் காட்டுங்க, எங்க தப்புன்னு அவங்களே நிறுத்திச் சொல்லுவாங்க.