கிளிமஞ்சாரோ ஏறுவது எப்படி? லெமோஷோ வழியில் எட்டு நாள் – புதியவர்களுக்கான செய்முறை

தான்சானியாவில் உள்ள கிளிமஞ்சாரோவின் உச்சிக்கு உஹுரு என்று பெயர். சுவாஹிலியில் விடுதலை என்று பொருள். உயரம் 5,895 மீட்டர். கயிறோ ஐஸ் கோடரியோ வேண்டாம், வழக்கமான வழிகளில் நடந்தே ஏறிவிடலாம். தனியாகப் போக அனுமதி கிடையாது. உரிமம் பெற்ற கைடு கட்டாயம் கூட வர வேண்டும், அதனால் குழுவாகப் போவதே வழக்கம். நடைதானே என்று நினைத்து நாளைக் குறைத்துக்கொண்டு போவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு.

படி 1: எத்தனை நாள் என்று முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு வழியை

ஐந்து நாளில் ஏறி இறங்கும் திட்டங்களும் விற்கிறார்கள். விலை குறைவு என்று அதை எடுக்காதீர்கள். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதிதான். இதற்கு உடம்பு பழக நாட்கள் பிடிக்கும். ஜிம்மில் வளர்த்த தசை இந்த வேலையைச் செய்யாது. மராத்தான் ஓடுகிறவர் நாலாவது நாள் வாந்தியெடுத்துத் திரும்புவதும், நிதானமாக நடக்கும் அறுபது வயதுக்காரர் உச்சியைத் தொடுவதும் இந்த மலையில் சகஜம்.

மராங்கு வழியில் டென்ட் இல்லை, மரக்குடில்களில் படுக்கை உண்டு. ஆனால் ஏறுவதும் இறங்குவதும் ஒரே பாதை. பொதுவாக நாளும் குறைவு, உடம்பு பழக அவகாசம் போதாது. ரோங்காய் வடக்கில் கென்ய எல்லைப் பக்கத்திலிருந்து ஏறுவது. அந்தப் பக்கம் மழை குறைவு. மச்சாமே நல்ல வழிதான், கூட்டம் அதிகம். முதல் முறை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை மேற்கிலிருந்து ஏறும் லெமோஷோ, எட்டு நாள், சுமார் 70 கிலோமீட்டர். கூடுதல் நாளுக்குக் கூடுதல் பணம் ஆகும். வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், நாளில் மட்டும் பிடிக்காதீர்கள்.

மாதம்: ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை, அல்லது ஜூன் முதல் அக்டோபர் வரை. மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை. நவம்பரில் சிறுமழைக்காலம்.

படி 2: நிறுவனத்திடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்

எத்தனை பேருக்கு ஒரு கைடு? இரண்டு மூன்று பேருக்கு ஒருவராவது இருக்க வேண்டும். உச்சி இரவில் ஒருவருக்கு முடியாமல் போனால் ஒரு கைடு அவரைக் கீழே அழைத்துப் போவார். மீதிப் பேரோடு ஆள் இருந்தாக வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் உண்டா? விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரால் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைத் தினமும் பார்ப்பார்களா?

அடுத்து போர்ட்டர்களைப் பற்றிக் கேளுங்கள். நீங்கள் தூங்கும் டென்ட், சாப்பாட்டு மேசை, கேஸ் சிலிண்டர், சமையல் பாத்திரம், தண்ணீர் எல்லாம் அவர்கள் தலையிலும் தோளிலும்தான் மேலே வருகிறது. ஏறுகிற ஒருவருக்கு மூன்று நான்கு பேர் உழைக்கிறார்கள். ஒருவர் தூக்கும் சுமைக்கு 20 கிலோ வரம்பு. மலை வாசலில் தொங்கு தராசில் மாட்டி எடை பார்த்துத்தான் விடுவார்கள். அவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு உண்டா, குளிர் தாங்கும் டென்ட்டும் படுக்கையும் உண்டா, சம்பளம் எப்போது கையில் போகிறது? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லாத நிறுவனத்தை விட்டுவிடுங்கள். மிக மலிவான விலை என்றால் அந்தக் குறைப்பு பெரும்பாலும் போர்ட்டரின் கூலியிலிருந்தும் தட்டிலிருந்தும்தான் வந்திருக்கும்.

படி 3: மூன்று மாதம் முன்பே உடம்பைத் தயார் செய்யுங்கள்

வாரத்தில் மூன்று நாள் மாடிப்படி, முதுகில் 6 முதல் 8 கிலோ பையோடு 45 நிமிடம். மாதம் இரண்டு முறையாவது அடுத்தடுத்த இரு நாட்கள் ஐந்தாறு மணி நேர நடை. முதல் நாள் வலியோடு மறுநாளும் நடக்கப் பழகுவதுதான் இதில் முக்கியம். இறங்குவதையும் பழகுங்கள், முட்டி அங்கேதான் போகும்.

டாக்டரிடம் ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், இதயம் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தசோகை இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள், குறைந்த ஆக்சிஜனையும் சுமந்து போவது ரத்தம்தான். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய்க்கு முன்கூட்டியே எடுக்கும் அசட்டசோலமைடு மாத்திரை (கடையில் டயமாக்ஸ்) வேண்டுமா என்று கேளுங்கள். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து. விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி வரும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புறப்படுவதற்கு முன் ஊரிலேயே ஓரிரு நாள் சாப்பிட்டுப் பாருங்கள்.

மலேரியா தடுப்பு மாத்திரையையும் அப்போதே பேசுங்கள், மலையடிவார ஊர்களில் கொசு உண்டு. நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்கக்கூடும். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் அது செல்லும். காப்பீட்டில் 6,000 மீட்டர் வரை மலையேற்றமும் ஹெலிகாப்டர் மீட்பும் எழுத்தில் இருக்க வேண்டும். பல பாலிசிகள் 4,000 மீட்டருக்குக் கீழேயே நின்றுவிடும்.

படி 4: பை கட்டுதல்

இரண்டு பை. போர்ட்டர் தூக்கும் பெரிய பை 15 கிலோவுக்குள், சக்கரம் இல்லாத துணிப்பையாக. உங்கள் முதுகில் 30 லிட்டர் பை: தண்ணீர், மழைக்கோட்டு, ஒரு ஸ்வெட்டர், தின்பண்டம், மருந்து. சாமானையெல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றும் பழக்கத்தை விடுங்கள். 2019 ஜூன் முதல் தான்சானியாவுக்குள் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. மலைக்குள் ஒருமுறை பயன்படுத்தி எறியும் தண்ணீர் பாட்டிலும் கூடாது.

உடைக்கு ஒரே விதி: உடம்பை ஒட்டிப் பருத்தி கூடாது. வியர்வையில் நனைந்த பருத்தி காயாது, நின்றதும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் வெளியே காற்றும் மழையும் புகாத கோட்டு. கைக்கு மெல்லிய உறை ஒன்று, அதன்மேல் விரல் பிரியாத தடித்த உறை ஒன்று. ஸ்லீப்பிங் பேக் மைனஸ் 10 டிகிரியாவது தாங்க வேண்டும். ஊன்றுகோல் இரண்டு. இதெல்லாம் மலையடிவாரத்து மோஷி ஊரில் வாடகைக்கும் கிடைக்கும்.

வாடகைக்கு எடுக்கக் கூடாதது ஷூ. கணுக்கால் மூடும் ஷூவை இரண்டு மாதம் முன்பே வாங்கி, குறைந்தது 80 கிலோமீட்டர் நடந்து பழக்குங்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது, தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். சரிவில் நின்றால் விரல் முன்னால் இடிக்கக்கூடாது. விமானத்தில் அதைக் காலில் போட்டுக்கொண்டே போங்கள், பை தொலைந்தாலும் ஷூ இருக்கும்.

படி 5: மலையில் தினமும் செய்ய வேண்டியவை

கைடு நாளுக்கு நூறு தடவை “போலே போலே” என்பார், மெல்ல மெல்ல என்று அர்த்தம். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லையா, வேகம் அதிகம். முன்னால் போகிறவரை எட்டிப்பிடிக்காதீர்கள்.

நாளுக்கு 3 முதல் 4 லிட்டர் தண்ணீர், சூப்பும் டீயும் சேர்த்து. சிறுநீர் வெளிர் நிறமாக இருந்தால் போதும். அதற்கு மேல் வலிந்து குடித்தால் உப்பு குறையும், அதுவும் ஆபத்து. பசி இருக்காது, ஆனாலும் சாப்பிட வேண்டும். காலையில் கஞ்சி, முட்டை, மதியம் சூப், இரவு சோறு அல்லது சப்பாத்தி. நம் ஊர் ‘சப்பாத்தி’, ‘சாய்’ இரண்டும் சுவாஹிலியிலும் அதே பெயரில்தான் இருக்கின்றன.

தலைவலியை மறைக்காதீர்கள். லேசான தலைவலி வந்தால் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்து, கைடிடம் சொல்லிவிட்டு மாத்திரை போடலாம். தலைவலியோடு வாந்தியும் நிற்காத சோர்வும் சேர்ந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. ஓய்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சிரைப்பு, இருமல் என்றால் நுரையீரலில் நீர் கோக்கிறது. பேச்சு குழறல், தள்ளாட்டம் என்றால் மூளை வீங்குகிறது. தள்ளாட்டத்தைப் பார்க்க எளிய சோதனை உண்டு: ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டவைத்து, நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியாவிட்டால் விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே கீழே இறக்க வேண்டும். ஆக்சிஜனும் ஊசியும் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான். இறங்குவதுதான் வைத்தியம்.

படி 6: எட்டு நாள்

முதல் நாள் லொண்டொரோசி வாசலில் பெயர் பதிந்து, வண்டியில் காட்டுக்குள் போய், மூன்று மணி நேரம் நடந்து ம்டி ம்குப்வா முகாம். மரத்தில் கறுப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்குகள் தென்படும். இரண்டாம் நாள் ஷிரா 1, சுமார் 3,500 மீட்டர். மூன்றாம் நாள் ஷிரா 2, சுமார் 3,850.

நாலாம் நாள்தான் இந்த வழியின் உயிர். காலையில் 4,600 மீட்டர் லாவா டவர் வரை ஏறி, மதியம் அங்கே சாப்பிட்டுவிட்டு, 3,960 மீட்டரில் இருக்கும் பராங்கோவுக்கு இறங்கித் தூங்குகிறோம். உடம்புக்கு உயரத்தைக் காட்டிவிட்டுத் தாழ்வான இடத்தில் ஓய்வு கொடுப்பதால் அது வேகமாகப் பழகுகிறது. லாவா டவரில் பலருக்குத் தலை வலிக்கும், பயப்பட வேண்டாம். இறங்கியதும் குறைகிறதா என்று கவனியுங்கள். குறையாவிட்டால் அன்றே கைடிடம் சொல்லுங்கள். பராங்கோ பள்ளத்தாக்கில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் செனேசியோ மரங்களைப் பாருங்கள். காய்ந்த இலைகளை உதிர்க்காமல் தண்டைச் சுற்றிப் போர்வையாக வைத்திருக்கும். இரவு உறைபனியிலிருந்து அந்தப் போர்வைதான் தண்டைக் காக்கிறது.

ஐந்தாம் நாள் பராங்கோ சுவர், ஏறக்குறைய 250 மீட்டர். பார்க்கப் பயமாக இருக்கும், கையும் காலும் ஊன்றி ஏறினால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஊன்றுகோலை மடக்கிப் பையில் கட்டுங்கள். போர்ட்டர் வந்தால் பாறைப் பக்கமாக ஒதுங்கி வழிவிடுங்கள், விளிம்புப் பக்கம் ஒருபோதும் ஒதுங்காதீர்கள். அன்றிரவு கரங்கா. கடைசி நீரோடை இங்கேதான், அடுத்த முகாமுக்கு வேண்டிய தண்ணீரைப் போர்ட்டர்கள் இங்கிருந்து சுமக்கிறார்கள். பராஃபுவில் முகம் கழுவத் தண்ணீர் கேட்காதீர்கள்.

ஆறாம் நாள் மதியமே பராஃபு, சுமார் 4,670 மீட்டர். பராஃபு என்றால் பனிக்கட்டி. சாப்பிட்டு, உச்சிக்கான உடையை எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள். தூக்கம் வராவிட்டாலும் படுத்திருங்கள்.

படி 7: உச்சி இரவு

இரவு 11 மணிக்கு எழுப்பி டீயும் பிஸ்கட்டும் தருவார்கள். நள்ளிரவில் புறப்பாடு. குளிர் மைனஸ் 10 முதல் மைனஸ் 20 வரை போகும். முன்பே செய்ய வேண்டிய சில்லறை வேலைகள்தான் பலரைக் காப்பாற்றுகின்றன. தலைவிளக்குக்குப் புது பேட்டரி. போனையும் பவர்பேங்கையும் உள்ஜாக்கெட்டில், உடம்புச் சூட்டில். தண்ணீர்ப் பையின் குழாய் ஒரு மணி நேரத்தில் உறைந்துவிடும், குடித்ததும் குழாய்க்குள் ஊதித் தண்ணீரைப் பைக்குள் தள்ளுங்கள். அதை நம்பாமல் ஒரு அகலவாய் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, கம்பளி சாக்ஸுக்குள் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேற்பரப்பில்தான் முதலில் பிடிக்கும். தலைகீழாக இருந்தால் மூடிப் பக்கம் திறக்கும்.

ஏறும் முறை: முன்காலை வையுங்கள். பின்கால் முட்டியை நேராக்கி, எடை முழுவதையும் அதன் எலும்பு தாங்கட்டும், தொடைத் தசை தளரட்டும். ஒரு முழு மூச்சு. பிறகு அடுத்த அடி. ஒரு அடி ஒரு மூச்சு என்று போனால் மணிக்கணக்கில் நிற்காமல் போகலாம். விறுவிறுவென ஏறி நின்று நின்று மூச்சு வாங்கினால் நிற்கும் ஒவ்வொரு முறையும் உடம்பு குளிர்ந்துவிடும். ஓய்வு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

ஆறு மணி நேரத்தில் மலையுச்சியின் எரிமலைவாய்ப் பள்ளத்தின் விளிம்பான ஸ்டெல்லா பாயிண்ட், 5,756 மீட்டர். பெரும்பாலும் விடியும் நேரம். இங்கே உட்கார்ந்துவிட்டால் எழ மனம் வராது. விளிம்பையொட்டி இன்னும் ஒரு மணி நேரத்தில் உஹுரு. உச்சியில் பதினைந்து இருபது நிமிடம் போதும். கைடு திரும்பச் சொன்னால், எந்த இடமானாலும், திரும்புங்கள்.

படி 8: இறக்கமும் கணக்கும்

அதே நாளில் பராஃபுவுக்கு இறங்கி, ஓய்வெடுத்து, 3,100 மீட்டர் ம்வேகா முகாம் வரை போக வேண்டும். மொத்தம் சுமார் 2,800 மீட்டர் இறக்கம். கால் நகங்களை முந்தின நாளே வெட்டுங்கள், ஷூ கயிற்றைக் கணுக்காலில் இறுக்குங்கள். இல்லாவிட்டால் விரல் முன்னால் இடித்து நகம் கறுத்துக் கழன்றுவிடும். சரளையில் குதிகாலை அழுத்தி, முட்டியைச் சற்றே மடக்கி இறங்குங்கள்.

எட்டாம் நாள் ம்வேகா வாசல். பதிவேட்டில் கையெழுத்து, உச்சிச் சான்றிதழ். டிப்ஸ் இங்கே வழக்கம் மட்டுமல்ல, போர்ட்டரின் வருமானத்தில் பெரிய பங்கு. கைடு, சமையல்காரர், போர்ட்டர் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு, டாலரிலா ஷில்லிங்கிலா என்று புறப்படும் முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி, குழுவில் எல்லோரும் பங்கு போட்டுத் தனி உறையில் வையுங்கள். மொத்தமாக ஒருவர் கையில் கொடுக்காமல், எல்லோர் முன்னிலையிலும் தொகையைச் சத்தமாகச் சொல்லிக் கொடுங்கள். இனித் தேவைப்படாத கையுறை, ஜாக்கெட் இருந்தால் துவைத்து அவர்களிடமே கொடுத்துவிட்டு வரலாம். அடுத்த குழுவோடு ஓரிரு நாளில் அவர்கள் மறுபடி மேலே போகிறார்கள்.