தென்தீவில் கேம்பர்வேன் பயணம்: பெங்குவின் வரும் நேரம் பார்த்து வண்டியை நிறுத்துங்கள்

நியூசிலாந்தின் தென்தீவில், கிறைஸ்ட்சர்ச்சில் கேம்பர்வேனை (படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டி) வாடகைக்கு எடுத்து, வடக்கே கைகோரா வரை போய்த் திரும்பி, பிறகு கிழக்குக் கரையோரமாகவே தெற்கே கேட்லின்ஸ் வரை இறங்கலாம். போக வர 1,500 கிலோமீட்டருக்கு மேல். கணவன் மனைவி இருவருக்குப் பத்து நாள் வேண்டும். ஒரு வாரத்தில் முடிக்க நினைத்தால் ஓட்டுவதற்கே நேரம் சரியாகிவிடும்.

தூரத்தை மட்டும் பார்த்து இரவுத் தங்கலை முடிவு செய்பவர்கள்தான் விலங்குகளைக் கோட்டை விடுகிறார்கள். முதலில் மாலையில் எங்கே நிற்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் படுக்க இடம் பிடியுங்கள். டிசம்பரில், வழியில் வரும் கடற்கரை ஊரான ஓமாருவில் சூரியன் மறையவே இரவு ஒன்பதைத் தாண்டும். நீலப் பெங்குவின் அதற்குப் பிறகுதான் கரையேறும். அதைப் பார்த்துவிட்டு நூறு கிலோமீட்டர் ஓட்டுவது வேண்டாத வேலை.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பச்சை நிற 'செல்ஃப் கன்டெய்ன்ட்' அட்டை (தண்ணீர், கழிப்பறை, கழிவுத் தொட்டி எல்லாம் வண்டியிலேயே உண்டு என்பதற்கான சான்று) இருக்கிறதா என்று பாருங்கள். 2023இல் வந்த சட்டப்படி, கழிப்பறை வண்டியோடு பொருத்தப்பட்டதாக இருக்க வேண்டும்; தனியாகத் தூக்கி வைக்கும் போர்ட்டபிள் கழிப்பறை கணக்கில் வராது. மூன்று நாளுக்கு ஆளுக்கு 12 லிட்டர் நல்ல தண்ணீரும், அதே அளவு கழிவுநீரைப் பிடித்து வைக்கும் தொட்டியும் தேவை. அட்டை இல்லாமல், அது கட்டாயமான இடத்தில் இரவு தங்கினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். டீசல் வண்டி என்றால் கிலோமீட்டர் கணக்கில் சாலை வரி தனியாக வரும். வாடகையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறைக்கு அடியில் கழிவு சேரும் பெட்டி இருவருக்கு இரண்டு, மூன்று நாளில் நிறைந்துவிடும். நிறைந்துவிட்டதைக் காட்டும் விளக்கு எரியும் வரை காத்திருக்காதீர்கள். டம்ப் ஸ்டேஷனில் (வண்டிக் கழிவைக் கொட்டும் இடம்) பெட்டியை உருவி, குழாய்மூக்கை வெளிப்பக்கம் திருப்பி, மூடியைக் கழற்றுங்கள். கவிழ்க்கும்போது காற்று விடும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தியே வைத்திருக்க வேண்டும். பொத்தானை விட்டுவிட்டால் 'குபுக் குபுக்' என்று காலில் தெறிக்கும். அலசிய பின் கழிப்பறை மருந்தும் கொஞ்சம் தண்ணீரும் ஊற்றி உள்ளே தள்ளுங்கள். ஓடும் வண்டியில் கழிப்பறைக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள அடித்தட்டு திறந்திருந்தால் நாற்றம் ஊர் முழுக்கக் கூடவே வரும். இந்த வேலையை ஒருவர் தலையில் மட்டும் கட்டாமல் முறை வைத்துக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது.

வண்டியின் உள்பேட்டரி ஃபிரிட்ஜ், விளக்கு, ஃபோன் சார்ஜ் ஆகியவற்றைத்தான் தாங்கும். மைக்ரோவேவும் மின்கெட்டிலும் மின் இணைப்புள்ள இடத்தில் மட்டுமே ஓடும். இரண்டு இரவு மின் இணைப்பில்லாத இடத்தில், மூன்றாம் இரவு மின் இணைப்புள்ள ஹாலிடே பார்க்கில் (வண்டியை நிறுத்தித் தங்கும் கட்டண இடம்) என்று போட்டால் சிக்கல் இல்லை. அடுப்பு எரியும்போது கூரைத் திறப்பைத் திறந்து வையுங்கள். கிளம்பும் முன் சிலிண்டர் வால்வை மூடுங்கள். ஊறுகாய், பருப்புப்பொடி என்று கொண்டுபோகும் எல்லா உணவையும், மண் ஒட்டிய பூட்ஸையும் விமான நிலையப் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதாமல் ஒரு கறிவேப்பிலைக் கொத்து பையில் இருந்தாலும் 400 டாலர் போய்விடும்.

சாலையில் நம்மூர் போலவே இடப்பக்கம்தான். ஒருவழிப் பாலங்களில் சிவப்பு வட்டப் பலகை வந்தால் எதிரே வருபவருக்கு வழி விட வேண்டும். நீலச் சதுரம் என்றால் முதலில் போகும் உரிமை உங்களுக்கு. கேன்டர்பரி சமவெளியில் வடமேற்குக் காற்று அடிக்கும் நாளில், வண்டிக் கதவைக் கையால் பிடித்தபடியே திறவுங்கள். காற்று பிடுங்கினால் கீல் வளைந்துவிடும்.

கைகோராவில் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலேயே ஆழமாகிறது. அதனால்தான் ஆழத்தில் இரை தேடும் ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் அங்கே உண்டு. அலை அதிகமானால் படகை ரத்து செய்வார்கள். ஆகவே முதல் நாளுக்கே பதிவு செய்து, மறுநாளைக் காலியாக வைத்திருங்கள். வாந்தி மாத்திரையைப் படகில் ஏறிய பின் போட்டுப் பயனில்லை. ஊருக்கு வடக்கே 27 கிலோமீட்டரில் ஓஹாவ் முனையில் ரோமச் சீல்கள் பாறைகளில் கிடக்கும். நெடுஞ்சாலையில் சட்டென்று பிரேக் போடாமல், பார்வையிடத்துக்கான நிறுத்துமிடத்தில் மட்டும் நிறுத்துங்கள். 20 மீட்டர் இடைவெளி வேண்டும். சீலுக்கும் கடலுக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள், அதன் ஓடும் வழி அதுதான்.

ஓமாருவில் நீலப் பெங்குவின்கள் துறைமுகச் சாலையைக் கடந்து கட்டடங்களுக்கு அடியில் போகும். ஃப்ளாஷ் கூடாது. எஞ்சினை இயக்கும் முன் ஒருவர் குனிந்து நான்கு சக்கரங்களுக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

டனீடின் அருகே டயரோவா முனைக்குக் காற்று பலமாக உள்ள நாளாகப் பார்த்துப் போங்கள். மூன்று மீட்டர் இறக்கை விரிப்புள்ள ராயல் ஆல்பட்ராஸ் காற்றில்லாத நாளில் பறக்கச் சோம்பும். காற்றிருந்தால், கட்டணப் பார்வையறைக்குப் போகாமல் வெளியே பாறை விளிம்பிலிருந்தே காணலாம். பெரும்பாலும் செப்டம்பர் மத்தியிலிருந்து நவம்பர் பிற்பகுதி வரை, இணைசேர்ந்து முட்டையிடும் காலம் என்பதால், பார்வையறை மூடியிருக்கும். எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 பைனாகுலர் ஆளுக்கொன்று இருக்கட்டும். பத்து மடங்குக் கண்ணாடி இந்தக் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும்.

கேட்லின்ஸில் பல கிளைச்சாலைகள் சரளைக்கல். வாடகை ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று முன்பே படியுங்கள். பால்க்ளூத்தாவில் டேங்கை நிரப்பிக்கொண்டு நுழையுங்கள். நக்கெட் முனையருகே ரோரிங் பே மறைவிடத்திலும், சுமார் 17–18 கோடி ஆண்டுப் பழைய கல்மரக் காடு (கல்லாகிப்போன மரங்கள்) உள்ள க்யூரியோ பேயிலும், மஞ்சள்கண் பெங்குவின் பிற்பகலிலிருந்து இருட்டும் வரை ஒவ்வொன்றாக வரும். மறைவிடத்துக்குள்ளேயே இருங்கள், வெளியே என்றால் குறைந்தது 50 மீட்டர். மணலில் ஆள் நின்றால் அது அலையிலேயே தயங்கி நிற்கும், குஞ்சுக்கு அன்று இரை தாமதமாகும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இறகு உதிர்க்கும் பறவைகள் கடலுக்கே போகாமல் நாள் முழுக்கக் கரையில் நிற்கும். அவை நோயாளிகள் அல்ல, தொந்தரவு செய்யாதீர்கள்.

கேட்லின்ஸிலேயே உள்ள சூரட் பேயில் மணல் மேட்டில் மரக்கட்டை போலத் தெரிவது கடல்சிங்கமாக இருக்கும். ஆண் விலங்கு தலையை உயர்த்தி உங்கள் பக்கம் நகர ஆரம்பித்தால், படம் எடுக்க நிற்காமல் இருவரும் சேர்ந்தே பின்வாங்குங்கள்.