பென்ஷன்தாரரின் மார்ச் கணக்கு: வரிக் கால்குலேட்டரில் நடக்கும் தவறுகள்

ரிட்டர்ன் தாக்கல் செய்ய ஜூலை வரை நேரம் இருக்கிறது என்பதால், பென்ஷன் வாங்கும் பலரும் அதுவரை வரிக் கால்குலேட்டர் பக்கமே போவதில்லை. முதல் தவறு இதுதான், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதும் இதுதான். ஜூலையில் கணக்குப் போட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று தெரியும், குறைக்க வழி இருக்காது. மார்ச் 31க்கு முன் அதே கால்குலேட்டரைத் திறந்தால் "இதை இப்போது செய்தால் என்ன, ஏப்ரலில் செய்தால் என்ன?" என்று இரண்டு விதமாகப் போட்டுப் பார்க்கலாம். ஓய்வுக்குப் பிறகு நம் கையில் இருக்கும் வரித் திட்டமிடல் பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் அதில் மிச்சமாகும் பணம் சின்னதல்ல.

வருமான வரித் துறையின் தளத்திலேயே உள்நுழையாமல் பயன்படுத்தக்கூடிய கால்குலேட்டர் இருக்கிறது. திறந்ததும் மதிப்பீட்டு ஆண்டைக் கேட்கும். இங்கேயே பலர் வழுக்கிவிடுகிறார்கள். 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. தெரியாமல் 2025-26 என்று கொடுத்துவிட்டால் முந்தைய வருடத்து விதிப்படி கணக்கு வரும். பழைய, புதிய என்று நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய இரண்டு வரி முறைகளில், அந்த வருடம் புதியதில் 7 லட்சம் வருமானம் வரைதான் வரித் தள்ளுபடி, இந்த வருடம் 12 லட்சம் வரை. விடை அடியோடு மாறிவிடும். போன வருடம் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்த மென்பொருளை இந்த மார்ச்சில் திறந்து கணக்குப் போட்டாலும் இதே கதைதான்.

அடுத்தது, எந்தப் பணத்தை எந்தக் கட்டத்தில் போடுவது என்பது. வேலை பார்த்த இடத்திலிருந்து வரும் பென்ஷன் சம்பளத் தலைப்பில் சேரும், புதிய முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. கணவர் இறந்த பிறகு மனைவிக்கு வரும் குடும்ப பென்ஷன் அப்படி இல்லை. அது 'இதர வருமானம்'. அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அதுதான் கழிவு. சம்பளக் கட்டத்தில் போட்டாலும் மென்பொருள் மறுப்பு சொல்லாது, தாராளமாக 75,000 கழித்துக் காட்டும். நாமே பணம் கட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வாங்கிய ஆன்யுட்டியும் (தவணை தவணையாக வரும் தொகை) இதர வருமானம்தான், அதற்கு நிலையான கழிவே கிடையாது.

வட்டியை, நம் வருமான விவரங்களை வரித் துறை தொகுத்துத் தரும் ஏஐஎஸ் அறிக்கையில் இருந்து அப்படியே எடுத்துப் போடுவதும் மார்ச்சில் ஆபத்து. வங்கிகள் டிடிஎஸ் (வட்டி தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) விவரத்தைக் காலாண்டுக்கு ஒருமுறைதான் தருகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரையிலான விவரத்தைத் தர அவர்களுக்கு மே 31 வரை அவகாசம் உண்டு. ஆக, மார்ச்சில் நீங்கள் பார்க்கும் அறிக்கையில் கடைசிக் காலாண்டு வட்டி இருக்காது. அதைக் கையால் சேர்க்க வேண்டும். முதிர்வில் மொத்தமாகத் தரும் எஃப்டியிலும் பணம் கைக்கு வராவிட்டாலும் வங்கி வருடா வருடம் வட்டியைக் கணக்கில் காட்டுகிறது, அதையும் விடக் கூடாது.

12 லட்சம் என்ற விளிம்பு

நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான். "12 லட்சம் வரை வரியே இல்லை" என்ற பேச்சை நம்பி, மென்பொருளில் ஒரே ஒரு முறை கணக்குப் போட்டு, பூஜ்யம் வந்ததும் மூடிவிடுகிறார்கள்.

65 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 70,000 வீதம் வருடத்துக்கு 8,40,000 பென்ஷன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டிருக்கிறார், 8.2 சதவீதத்தில் 2,46,000 வட்டி. வங்கி எஃப்டியில் இன்னும் 54,000. நிலையான கழிவு போக மொத்த வருமானம் 10,65,000. படிநிலைப்படி வரி 46,500 வரும், மேலே சொன்ன 12 லட்சம் வரையிலான தள்ளுபடியில் (சட்டத்தில் பிரிவு 87ஏ) அது முழுவதும் போய்விடும். வரி பூஜ்யம்.

பேத்தியின் கல்லூரிச் செலவுக்காக மார்ச்சில் பல வருடம் வைத்திருந்த ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டை விற்கிறார் என்று வையுங்கள். லாபம் 2,25,000. நீண்டகால லாபத்தில் முதல் 1,25,000க்கு வரி இல்லை, மிச்சம் 1 லட்சத்துக்கு 12.5 சதவீதம், அதாவது 12,500 கட்டினால் போதும் என்று மனக்கணக்குப் போடுவார். ஆனால் லாபம் முழுவதும் மொத்த வருமானத்தில் சேரும். 10,65,000 உடன் 2,25,000 சேர்ந்தால் 12,90,000. 12 லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடியே போய்விட்டது. பழைய 46,500 திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். 12,500ஐயும் சேர்த்து 59,000, அதற்கு மேல் 4 சதவீத செஸ் (வரியின் மீது போடும் கூடுதல் வரி). மொத்தம் 61,360 ரூபாய்.

இதையே இரண்டாகப் பிரித்தால்? மார்ச்சில் 1,25,000 லாபம் வரும் அளவுக்கு யூனிட்டுகள், மீதியை ஏப்ரலில். மொத்த வருமானம் 11,90,000. லாபத்துக்கு வரி இல்லை, தள்ளுபடியும் தங்கும். இந்த வருட வரி பூஜ்யம். ஏப்ரலில் விற்கும் மீதி அடுத்த வருடக் கணக்குக்குப் போய்விடும். இடையில் சந்தை இறங்கலாம், அது உண்மை. கல்லூரியில் முழுத் தொகையையும் மார்ச்சிலேயே கட்டச் சொன்னால் வேறு வழியும் இல்லை. ஆனால் சில வாரம் காத்திருக்க முடிகிற ஒருவர், கால்குலேட்டரில் இரண்டாவது கணக்கைப் போட்டுப் பார்க்காததற்காக 61,000 ரூபாய் கட்டுவது எனக்குத் தாங்கவில்லை. அதனால் எதையும் விற்பதற்கு முன் விற்றால் ஒரு கணக்கு, விற்காவிட்டால் ஒரு கணக்கு, பாதி விற்றால் ஒரு கணக்கு என்று போடுங்கள். துறையின் கால்குலேட்டரில் எளிய வடிவம், விரிவான வடிவம் என்று இரண்டு உண்டு. மூலதன லாபம் இருந்தால் விரிவானதுதான் வேண்டும்.

இன்னொன்று. பென்ஷனும் வட்டியும் மட்டுமே இருந்து வருமானம் 12 லட்சத்தைச் சற்றே தாண்டினால் பயப்பட வேண்டாம். 12,10,000 என்றால் வரி 61,500 அல்ல, தாண்டிய 10,000 மட்டும்தான், அதற்கு மேல் செஸ். ஏதாவது இலவசக் கால்குலேட்டர் 61,500 என்று காட்டினால் அதை நம்ப வேண்டாம்.

மார்ச் மாதத்து 80சி

மார்ச் பிறந்தால் "வரி மிச்சம் பண்ணணும்னா இதுல ஒன்றரை லட்சம் போடுங்க சார்" என்று யாராவது வருவார்கள். குறிப்பிட்ட சேமிப்புகளுக்குக் கழிவு தரும் 80சி, மருத்துவக் காப்பீட்டுக்குத் தரும் 80டி, மூத்த குடிமக்களின் வட்டிக்கு 50,000 கழிவு தரும் 80டிடிபி எல்லாம் பழைய வரி முறையில்தான். நம் 65 வயதுக்காரர் 80சியில் 1,50,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 30,000, வட்டிக்கு 50,000 என்று எல்லாம் கழித்தாலும் பழைய முறையில் வரி 85,280 வரும். புதிய முறையில் பூஜ்யம். இது புரியாமல் வரி சேமிப்பு எஃப்டியில் ஒன்றரை லட்சத்தை ஐந்து வருடம் பூட்டி வைப்பதில் என்ன பயன்? மருத்துவச் செலவு எப்போது வரும் என்று தெரியாத வயதில் கையில் இருக்க வேண்டிய பணம் அது. முதலில் இரண்டு முறையிலும் கணக்குப் போடுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். தொழில் வருமானம் இல்லாதவர்கள் எந்த முறை என்பதை ஒவ்வொரு வருடமும் ரிட்டர்னில் மாற்றிக்கொள்ளலாம்.

வட்டியில் டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று வங்கியில் ஃபார்ம் 15எச் கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வருடம் எனக்கு வரி பூஜ்யம் என்று நாம் தரும் உறுதிமொழி அது. ஏப்ரலில் கொடுத்துவிட்டு மார்ச்சில் ஃபண்டை விற்றால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். பிடிக்காமல் விட்ட டிடிஎஸ்ஸையும் சேர்த்து நாமேதான் கட்ட வேண்டும்.

மூத்த குடிமக்கள் முன்கூட்டிய வரி (வருடம் முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வரி) கட்ட வேண்டியதில்லை என்பது சரி. ஆனால் ஓய்வுக்குப் பிறகு கன்சல்டன்ட் வேலை பார்த்துக் கட்டணம் வாங்குபவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதை இதர வருமானம் என்று போட்டால் முன்கூட்டிய வரி கட்டாததற்கான வட்டி எதையும் மென்பொருள் காட்டாது, நோட்டீஸ் வரும்போதுதான் தெரியும். பென்ஷன் நிலுவை மொத்தமாக வந்தவர்கள் ஃபார்ம் 10ஈ போட்டால் பழைய வருடங்களின் பணம் ஒரே வருடத்தில் சேர்வதால் கூடும் வரியைக் குறைக்கும் பிரிவு 89 நிவாரணம் கேட்கலாம். ஆனால் ரிட்டர்னுக்கு முன்பே அதை ஆன்லைனில் தாக்கல் செய்திருக்க வேண்டும். நிலுவை எந்தெந்த வருடத்துக்கு எவ்வளவு என்ற விவரத்தை, பென்ஷன் தரும் அலுவலகத்தில் இப்போதே எழுதிக் கேட்டு வாங்கி வையுங்கள்.